ஷுக்குபோ: துறவோர்பள்ளி

ஜப்பானில் புத்தக் கோயிலைச் சேர்ந்த துறவிகள், வழிபட வருவோருக்குத் தம் வளாகத்திலேயே அறையும் உணவும் அளிக்கும் இடத்துக்கு 'ஷுக்குபோ' என்று பெயர். ஈற்றெழுத்தைப் 'போதி' என்னும் சொல்லின் முதலெழுத்தைப் போல ஒலிக்க வேண்டும்.

இது சீன எழுத்துகள் இரண்டால் ஆன சொல். 'ஷுக்கு' என்பது தங்குதலைக் குறிக்கும்; அந்த எழுத்தின் மிகப் பழைய வடிவம், கூரையின் கீழே பாயருகில் ஒரு மனிதன் இருப்பதைக் காட்டும் சித்திரமாகும். 'போ' என்பது முதலில் நகரின் ஒரு பகுதியைக் குறித்து, பின்னர் துறவியர் உறைவிடத்தைக் குறிக்கலாயிற்று. அவ்வுறைவிடத்தின் தலைவரைச் சுட்டிய 'போசு' என்னும் சொல்லே இன்று புத்தத் துறவிக்குரிய பொதுப் பேச்சுச் சொல்லாக வழங்குகிறது.

இவ்வழக்கத்தைக் காணச் சிறந்த இடம் வகாயாமா மாநிலத்துக் கோயா மலை. 816-இல் பேரரசரிடமிருந்து இம்மலையைப் பெற்ற கூக்காய் என்னும் துறவி, ஷிங்கோன் என்னும் புத்தப் பிரிவின் தலைமையிடத்தை இங்கே நிறுவினார். இன்றுள்ள 117 கோயில்களில் ஏறத்தாழ 50 கோயில்கள் விருந்தினரை ஏற்கின்றன. தத்தாமி பாய் விரித்த அறையில் தரையில் மெத்தை இட்டு உறங்கி, விடியலில் துறவிகளின் ஓதலில் அமர்ந்து, வெங்காயமும் பூண்டும் சேராத மரக்கறி உணவை உண்பது அங்குள்ள நடைமுறை. 'ஷோஜின் ரியோரி' என்னும் அவ்வுணவின் பெயரிலுள்ள 'ஷோஜின்' என்பது, பாலி மொழியில் 'விரியம்' எனப்படும் விடாமுயற்சியின் மொழிபெயர்ப்பு; சமைப்பதும் உண்பதும் அங்கே பயிற்சியின் பகுதிகள் என்பதை அப்பெயரே சொல்லிவிடுகிறது. சில கோயில்களில் காலையில் 'கோமா' என்னும் தீச்சடங்கும் நடைபெறும். நாம் ஓமம் என்று வழங்கும் அதே வடசொல்தான் சீனத்தின் வழியே அம்மலையை அடைந்திருக்கிறது.

ஷுக்குபோவுக்குத் தமிழில் 'கோயில் விடுதி' என்று எழுதுவோர் உண்டு. அச்சொல்லில் துறவிக்கு இடமில்லை. கோயில் நிர்வாகம் வாடகைக்கு விடும் அறைகளே நினைவுக்கு வரும். 'சத்திரம்' வழிப்போக்கரின் பசியாற்றும் அறநிலையம். 'மடம்' சற்று நெருங்கினாலும், தமிழ் வழக்கில் அது சைவ, வைணவ மரபுகளோடு பிணைந்துவிட்டது.

என் தேர்வு 'பள்ளி'. இன்று கல்விக்கூடத்தை மட்டுமே குறிப்பதாகத் தோன்றும் இச்சொல்லுக்குப் படுக்கை, உறக்கம் என்னும் பொருள்களும், சமண, பௌத்தத் துறவியர் உறைவிடம் என்னும் பொருளும் உண்டு. பள்ளியறை, பள்ளிகொள்ளுதல், பள்ளியெழுச்சி ஆகியவை முதற்பொருளை இன்றும் காத்து நிற்கின்றன. மதுரைக்கு அருகே மாங்குளத்தில், சமணத் துறவியருக்காகக் கற்படுக்கைகள் வெட்டப்பட்ட குகைகளில், 'தமிழி' என்னும் பழைய எழுத்தில் அமைந்த கல்வெட்டிலேயே இச்சொல் வருகிறது. நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்தையும் சோழர் செப்பேடுகள் 'பள்ளி' என்றும் 'பெரும்பள்ளி' என்றும் குறிப்பிடுகின்றன. பாயருகில் மனிதனைக் காட்டும் அந்தச் சீன எழுத்துக்கும் துறவியின் கற்படுக்கைக்கும் இவ்வளவு பொருந்திய சொல் நம்மிடமே இருக்கும்போது வேறொன்றைத் தேட வேண்டியதில்லை.

தனியே எழுதினால் மாணவர் பள்ளி என்றும், 'பள்ளி விடுதி' என்றால் மாணவர் தங்குமிடம் என்றும் மயங்க வாய்ப்புண்டு. ஆகவே 'துறவோர்பள்ளி' என்று அடைகொடுத்து எழுதுவதே தெளிவு: 'கோயா மலையில் ஒரு துறவோர்பள்ளியில் இரண்டு இரவு தங்கினோம்.'