வீட்டுக் கல்வி: பள்ளியிலிருந்து பெயரை எடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில், பிள்ளையை வீட்டிலேயே வைத்துக் கற்பிக்க நினைக்கும் பெற்றோருக்குக் காரணங்கள் பல இருக்கலாம். நீண்டகால நோய், கற்றல் சிரமம், பகடிவதை, தோட்டத்திலிருந்து பள்ளி இருக்கும் தூரம் என எதுவாயினும், கற்பிக்கும் திறன் தங்களுக்கு இருக்கிறதா என்பதைத்தான் அவர்கள் முதலில் எண்ணிப் பார்க்கிறார்கள். சட்டமோ அதற்கு முன்பாக, அந்தப் பிள்ளையின் பெயர் ஏதேனும் ஓர் ஆரம்பப்பள்ளியின் பதிவில் இருக்கிறதா என்று பார்க்கிறது.

1996ஆம் ஆண்டு கல்விச் சட்டத்தில் (சட்டம் 550) 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி சேர்க்கப்பட்ட 29ஏ பிரிவு, 2003 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. நாட்டில் வசிக்கும் மலேசியக் குடிமக்களான பெற்றோர், நடப்புப் பள்ளியாண்டின் ஜனவரி முதல் நாளில் ஆறு வயது நிறைவடைந்த தங்கள் பிள்ளையை அவ்வாண்டிலேயே ஆரம்பப்பள்ளியில் சேர்த்து, கட்டாயக் கல்விக் காலம் முடியும் வரை அங்கே நிலைக்கச் செய்ய வேண்டும் என்று அது கூறுகிறது. மீறினால் 5,000 ரிங்கிட் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். 2025 ஜூலையில் மக்களவை நிறைவேற்றிய திருத்த மசோதா இக்கடமையை இடைநிலைக் கல்விக்கும் நீட்டிக்கிறது. ஆகவே ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளையை நிறுத்திக்கொள்ளலாம் என்ற பழைய கணக்கை வைத்துக்கொண்டு இனி எவரும் திட்டமிடக் கூடாது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி அமைக்கும் பொறுப்பை நிர்வாகத்தின் மீது சுமத்தியது. இன்றைய சட்டத்தில், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் பொறுப்பு நேராகப் பெற்றோர் மீது விழுகிறது.

இக்கடமையிலிருந்து விலக்கு அளிக்கும் அதிகாரம் கல்வி அமைச்சரிடம் உள்ளது. மாணவர் நலனுக்கோ பொதுநலனுக்கோ உகந்தது என்று அவர் கருதினால், ஒரு மாணவருக்கு முழுமையாகவோ நிபந்தனைகளுடனோ விலக்கு தரலாம். இது கேட்டவுடன் கிடைத்துவிடும் உரிமை அன்று. வீட்டுக் கல்வியை விரும்புகிறோம் என்று பள்ளித் தலைமையாசிரியருக்குக் கடிதம் கொடுத்துவிட்டு நின்றுவிடுவது விலக்கு ஆகாது. எழுத்து மூலமான பதில் கைக்கு வரும் வரை பிள்ளை பள்ளிக்குச் சென்றுகொண்டிருப்பதே பாதுகாப்பு. இடையில் நேரும் நீண்ட வருகைக் குறைவு, பின்னர் விண்ணப்பத்தையே பலவீனப்படுத்தக்கூடும்.

விண்ணப்பத்தை மாவட்டக் கல்வி இலாகாவிலிருந்து தொடங்க வேண்டும். சுங்கை சிப்புட் வட்டாரத்தவர்க்கு அது கோலகங்சார் மாவட்ட இலாகா. அதற்கு மேல் ஈப்போவில் உள்ள பேராக் மாநிலக் கல்வி இலாகா. பிறப்புப் பத்திரம், மைகிட் (பிள்ளைகளுக்கான அடையாள அட்டை), பெற்றோரின் அடையாள அட்டை ஆகியவற்றின் நகல்களுடன், காரணத்தைத் தெளிவாக விளக்கும் கடிதமும், நோய் காரணமென்றால் அரசாங்க மருத்துவமனை நிபுணரின் அறிக்கையும், வாராந்திரப் பாட அட்டவணையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது. யார், எந்த நேரத்தில் கற்பிப்பார் என்பதையும் எழுத வேண்டும். தாயும் தந்தையும் விடியற்காலையில் பெரட்டுக்கு (தோட்டத் தொழிலாளர் வேலைக்குமுன் கூடும் பெயர்ப்பதிவு) சென்றுவிடும் வீட்டில், பகல் முழுவதும் பிள்ளைக்கு முன் உட்காரப்போவது யார் என்ற கேள்விக்கு நேர்மையான பதில் இல்லையென்றால், விண்ணப்பத்தைத் தள்ளிப்போடுவதே மேல் என்பது என் கருத்து.

அதற்குமுன், வேறு வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மருத்துவமனையில் நீண்டகாலம் தங்கும் பிள்ளைகளுக்காக 2011 முதல் மருத்துவமனைப் பள்ளித் திட்டம் நடந்து வருகிறது. சிறப்புத் தேவையுள்ள பிள்ளையை எந்த அரசுப் பள்ளியும் ஒதுக்கக் கூடாது என்ற கொள்கை 2019இல் நடப்புக்கு வந்தது; இதன்படி ஒருங்கிணைந்த சிறப்புக் கல்வி வகுப்பு உள்ள பள்ளியைக் கேட்கலாம். பிறப்புப் பத்திரம் இல்லையென்று பிள்ளையை வீட்டிலேயே வைத்திருப்பதும் தோட்டங்களில் காணக்கூடியதே. அது வீட்டுக் கல்வி ஆகாது. பெற்றோரில் ஒருவரேனும் மலேசியர் என்றால், ஆவணங்களுக்கு முயன்றுகொண்டே பிள்ளையைச் சேர்க்க வழி உண்டு என்பதால், மாவட்ட இலாகாவை அணுகத் தயங்க வேண்டாம்.

'வீட்டுக் கல்வி மையம்' என்ற பெயர்ப்பலகையைக் கண்டு ஏமாறக் கூடாது. பிள்ளைகளைக் கூட்டி வழக்கமாகப் பாடம் நடத்தும் அமைப்புகள் சட்டம் 550இன் கீழ்ப் பதிவு பெற வேண்டியவை. பதிவு பெற்றிருந்தாலும், அது டியூஷன் மையமாகப் பதிவாகியிருந்தால், அங்கே பணம் கட்டிச் சேர்வது ஆரம்பப்பள்ளியில் பதிந்ததாகாது. பதிவுச் சான்றிதழில் எவ்வகைக் கல்வி நிலையம் என்று எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.

விலக்கு கிடைத்தபின் தேசியக் கலைத்திட்டத்தை ஒட்டிக் கற்பிப்பது, பிள்ளை மீண்டும் பள்ளிக்குத் திரும்ப நேர்ந்தால் பெரிதும் உதவும். தமிழ்ப்பள்ளிப் பாடங்களுக்கான கலைத்திட்ட, மதிப்பீட்டு ஆவணங்களைக் கல்வி அமைச்சின் இணையத்தளத்தில் இலவசமாகப் பெறலாம். ஆனால் செலவு இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். பள்ளி மாணவருக்குக் கிடைக்கும் பாடநூல் இரவல், 150 ரிங்கிட் பள்ளித் தொடக்க உதவி, வசதி குறைந்தோருக்கான கூடுதல் உணவுத் திட்டம் ஆகியவை பள்ளிப் பதிவோடு இணைந்தவை. மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவிடும் குடும்பத்திற்கு இவை சிறு தொகைகள் அல்ல.

தேர்வைப் பொறுத்தவரை, ஆரம்பப்பள்ளி இறுதியில் எழுதிவந்த யுபிஎஸ்ஆர் 2021இலும் மூன்றாம் படிவத்தில் எழுதிவந்த பிடி3 2022இலும் அகற்றப்பட்டுவிட்டன. எனவே பிள்ளையின் எழுத்துப் பயிற்சிகளையும் தேர்ச்சிக் குறிப்புகளையும் ஆண்டுவாரியாகக் கோப்பிட்டு வைக்க வேண்டும். ஐந்தாம் படிவ இறுதியில் வரும் பொதுத்தேர்வான எஸ்பிஎம்மைத் தனியார் வேட்பாளராக எழுதலாம். சான்றிதழ் பெற மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம். ஐஜிசிஎஸ்இ எனும் பிரிட்டிஷ் பாடத்திட்ட அனைத்துலகத் தேர்வைத் தனியார் கல்லூரிகள் ஏற்கின்றன என்றாலும், அரசாங்க வேலைக்கு எஸ்பிஎம் மலாய்மொழித் தேர்ச்சி கேட்கப்படுவதால், அந்த ஒரு பாடத்தையேனும் தனியாக எழுதிவிடும்படி நான்காம் படிவ வயதுக்கு முன்பே திட்டமிட வேண்டும்.