சி டிரைவ் நிறைந்துவிட்டதா? முதலில் எதையும் அழிக்காதீர்கள்

போன மாதம் சிங்கப்பூர் ஈசூனில் ஒரு வீவக அடுக்குமாடி வீட்டுக்குப் போயிருந்தேன். லேப்டாப் திணறுகிறது, அப்டேட் ஏற மறுக்கிறது என்று ஓர் அக்கா கூப்பிட்டிருந்தார். திறந்து பார்த்தால் சி டிரைவின் கோடு சிவப்பாகக் கிடந்தது. 238 ஜிபியில் மிச்சம் 2 ஜிபிகூட இல்லை.

“மூணு நாளா அழிச்சுக்கிட்டே இருக்கேன் தம்பி. அம்மாவோட வீடியோவைக்கூட அழிச்சிட்டேன். அப்பவும் இடம் வரல.”

அம்மா தவறி இரண்டு வருடம் ஆகிறதாம். தேக்கா சந்தையில் அவர் மீனுக்குப் பேரம் பேசுவது, தீபாவளிக்கு முறுக்குப் பிழிந்துகொண்டே பேரனைத் திட்டுவது, எல்லாம் அந்த வீடியோக்களில் இருந்தனவாம்.

“ரீசைக்கிள் பின்னைக் காலி பண்ணீங்களா அக்கா?”

“இல்லையே. பண்ணணுமா?”

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. “வேண்டாம். இனி எதையும் தொடாதீங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

அழித்த கோப்பு முதலில் ரீசைக்கிள் பின்னுக்குத்தான் போகும். அங்கே இருக்கும்வரை டிரைவில் இடம் காலியாகாது. ‘இவ்வளவு அழித்தும் இடம் வரவில்லையே’ என்று பலர் மேலும் மேலும் அழிப்பது இதனால்தான். பின்னைக் காலி செய்துவிட்டால் கதையே வேறு. இன்றைய லேப்டாப்களில் பெரும்பாலும் இருப்பது எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத சிப் வகைச் சேமிப்பகம். அழித்த இடத்தை ‘டிரிம்’ என்ற கட்டளை வழியாக அது விரைவிலேயே துடைத்துவிடும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் மீட்டதைப் போல இதில் மீட்க முடிவது அரிது. நூற்றுக்கணக்கான வெள்ளி செலவழித்தும் வெறுங்கையோடு திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

இத்தனை வருடத்தில் நான் பார்த்தது இதுதான்: எல்லோரும் கண்ணில் படுவதை அழிக்கிறார்கள். படமும் வீடியோவும் கண்ணில் படும். இடத்தைத் தின்பதோ பெரும்பாலும் யாரும் திறந்தே பார்க்காத ஃபோல்டராக இருக்கும். அதனால் முதல் வேலை அளந்து பார்ப்பது. விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று போனால் எந்த வகைக் கோப்பு எவ்வளவு என்று தெரியும். மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் ஸ்டோரேஜ்.

அது மேலோட்டமான கணக்கு. விண்டோஸில் உள்ளே இறங்கிப் பார்க்க வின்டிர்ஸ்டாட், விஸ்ட்ரீ போன்ற மென்பொருள்கள் உண்டு. டிரைவ் முழுவதையும் வண்ணக் கட்டங்களாக வரைந்து காட்டும்; பெரிய கட்டம் என்றால் பெரிய கோப்பு. இந்த வரைபடத்தின் பெயர் ட்ரீமேப். அது பிறந்ததே இந்தத் தொல்லையில்தான். 1990இல் அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் 14 பேர் பகிர்ந்துகொண்ட 80 எம்பி டிஸ்க் நிறைந்துபோக, இடத்தை அடைத்திருப்பது எது என்று கண்டுபிடிக்கப் பேராசிரியர் பென் ஷ்னைடர்மேன் யோசித்த வழி அது. இந்த மென்பொருள்களை ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்துத் திறங்கள். இல்லாவிட்டால் சில ஃபோல்டர்களை அவற்றால் பார்க்க முடியாது, கணக்கு இடிக்கும்.

அக்காவின் திரையில் இரண்டு பெரிய திட்டுகள் தெரிந்தன. இரண்டும் பழைய ஐபோன்களின் பேக்கப், சேர்ந்து 74 ஜிபி. ஒரு காலத்தில் போனை லேப்டாப்பில் செருகியபோது எடுக்கப்பட்டவை. போன்கள் கைமாறிப் போய்விட்டன, பேக்கப் மட்டும் தங்கிவிட்டது.

வேறு வீடுகளில் வேறு காரணம் இருக்கும். பாலிடெக்னிக் மாணவர்களிடம் வீடியோ எடிட்டிங் கேஷ் என்ற தற்காலிகக் கோப்புகள், அலுவலகங்களில் அவுட்லுக் மின்னஞ்சலின் ஒற்றைப் பெருங்கோப்பு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்ததால் பலர் 11க்கு மாறினார்கள். அப்படி மாறும்போது பழைய விண்டோஸ் ‘விண்டோஸ் டாட் ஓல்ட்’ என்ற ஃபோல்டரில் தங்கும். வழக்கமாகப் பத்து நாளில் தானே போய்விடும். அவசரம் என்றால் ஸ்டோரேஜ் பக்கத்தில் ‘டெம்பரரி ஃபைல்ஸ்’ வழியாக எடுக்கலாம். ஆனால் அங்கே ‘டவுன்லோட்ஸ்’ என்று ஒரு கட்டமும் இருக்கும். அதில் டிக் விழுந்திருந்தால் நீங்கள் இறக்கி வைத்த கோப்புகளும் சேர்ந்து போய்விடும்; பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

தொடவே கூடாதது விண்டோஸ் தன் சொந்தக் கோப்புகளை வைத்திருக்கும் ‘வின்எஸ்எக்ஸ்எஸ்’ ஃபோல்டர். பார்த்தால் பல ஜிபி காட்டும், கை பரபரக்கும். அதில் பாதிக்கு மேல் பொய்க்கணக்காகக்கூட இருக்கலாம். ஒரே வீட்டுக்கு இரண்டு வாசல் வைத்த மாதிரி, அங்குள்ள பல கோப்புகள் வேறு ஃபோல்டர்களிலும் அதே கோப்பாகவே தெரியும். எக்ஸ்ப்ளோரர் இரண்டு முறை எண்ணிவிடும். கையால் அழித்தால் விண்டோஸே எழும்பாமல் போகலாம்.

மைக்ரோசாஃப்டின் மேகக்கணிச் சேமிப்பான ஒன்டிரைவ் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்த ஃபோல்டரில் ஒரு படத்தை அழித்தால் மேகக்கணியிலிருந்தும் போய்விடும். இடம் மட்டும் வேண்டுமென்றால் வலது கிளிக் செய்து ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ கொடுங்கள். படம் மேகக்கணியில் இருக்கும், லேப்டாப்பில் பெயர் மட்டும் நிற்கும்.

இன்னொன்று. ‘உங்கள் டிரைவ் நிறைந்துவிட்டது, உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்’ என்று இணையப் பக்கத்தில் ஒரு பெட்டி துள்ளினால் அழைக்காதீர்கள், மூடிவிடுங்கள். அழைத்தால் கணினியைத் தூரத்திலிருந்து இயக்கும் செயலியைப் போடச் சொல்வார்கள். அப்புறம் வங்கிக் கணக்குதான் காலியாகும். சந்தேகம் வந்தால் 1799, மோசடி பற்றிக் கேட்பதற்கான சிங்கப்பூரின் ஸ்கேம்ஷீல்டு உதவி எண்.

சரி, அக்காவின் பேக்கப்புக்கு வருவோம். அதையும் உடனே அழிக்கவில்லை. ஆப்பிள் டிவைசஸ் செயலியில் இரண்டின் தேதியையும் காட்டி, எந்தப் போன் என்று கேட்டேன். ஒன்று அம்மா உயிரோடு இருந்த காலத்தில் எடுத்தது. அம்மா வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் செய்திகள் இன்றைய போனுக்கு வரவில்லை என்றார் அக்கா. இந்தப் பேக்கப்புக்குள் அவை இருக்க வாய்ப்புண்டு. அதை ஒரு வெளி டிரைவுக்கு நகல் எடுத்து, நகல் முழுதாக வந்திருக்கிறதா என்று சரிபார்த்த பிறகே இரண்டையும் லேப்டாப்பிலிருந்து நீக்கினேன். கோடு நீலமானது, அப்டேட்டும் ஏறியது.

கடைசியாக ரீசைக்கிள் பின்னைத் திறந்து வீடியோக்களைத் தேர்ந்தெடுத்து ‘ரிஸ்டோர்’ கொடுத்தேன். 11 ஜிபியும் பழைய ஃபோல்டருக்குத் திரும்பின. சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஒன்றைத் திறந்தேன். முறுக்கு உழக்கைப் பிடித்தபடி பாட்டி திட்டிக்கொண்டிருந்தார். அறைக்குள்ளிருந்த பையன் சத்தம் கேட்டு ஓடி வந்தான்.