அடுத்த வழிகாட்டி நாய்: பழைய நாயை மனத்தில் வைத்து விண்ணப்பிக்க வேண்டாம்

வழிகாட்டி நாயோடு எட்டு ஒன்பது ஆண்டுகள் நடந்து பழகிய ஒருவர் அந்த நாயை இழக்கும்போது, வீட்டில் கூடவே வாழ்ந்த ஓர் உயிரைப் பறிகொடுத்த துயரமும், தனியாக வெளியே போய்வர முடியாத தவிப்பும் ஒரே நாளில் வந்து சேர்கின்றன. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் பார்வையற்றோருக்கு நடமாட்டப் பயிற்சி அளிக்கும் பணியில் இருக்கும் எனக்கு, இப்படிப்பட்டவர்களிடமிருந்தும் அவர்களுடைய குடும்பத்தாரிடமிருந்தும் வரும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: அடுத்த நாய் எப்போது கிடைக்கும்? கேள்வி நியாயமானதுதான். அதற்கு முன்பே ஒருவர் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டியது, இன்று தாம் வாழும் வாழ்க்கைக்கு எப்படிப்பட்ட நாய் தேவை என்பது. இந்த வரிசை மாறிப்போவதால் இரண்டாவது நாயோடு பலர் தொடக்கத்திலேயே தடுமாறுவதை என் பணியில் தொடர்ந்து பார்க்கிறேன்.

வழிகாட்டி நாய் ஏறத்தாழ ஒன்றரை, இரண்டு வயதில் பணிக்கு வந்து, எட்டு முதல் பத்து வயதுக்குள் ஓய்வு பெறுவது வழக்கம். மூட்டுத் தேய்மானம், கண்புரை, இரைச்சலைக் கண்டு புதிதாக வரும் அச்சம் ஆகியவை ஓய்வுக்கான பொதுவான காரணங்கள். ஓய்வு என்றால் திட்டமிட அவகாசம் உண்டு. மரணம் அந்த அவகாசத்தைத் தருவதில்லை. குறிப்பாக கோல்டன் ரெட்ரீவர் இன நாய்களிடம் அதிகம் காணப்படும் ஒருவகை இரத்தநாளப் புற்றுநோய், மண்ணீரலில் சத்தமின்றி வளர்ந்து, கட்டி வெடித்து வயிற்றுக்குள் இரத்தம் கசிந்த பிறகே வெளியே தெரிவது உண்டு. காலையில் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்ற நாய் அன்று இரவே இல்லாமல் போவதும் உண்டு. ஆகவே நாய்க்கு ஏழு வயது ஆகும்போதே வழிகாட்டி நாய்களைப் பழக்கித் தரும் பயிற்சி நிலையத்தோடு பேசத் தொடங்குங்கள் என்று என்னிடம் பயில்வோர் எல்லாரிடமும் சொல்கிறேன். நாய் நன்றாக ஓடியாடிக்கொண்டிருக்கும்போது அதற்கு அடுத்ததைப் பற்றிப் பேசுவது துரோகம் போலத் தோன்றும். அப்படிப் பேசுவதில் துரோகம் ஏதும் இல்லை.

இழப்புக்குப் பிறகு வரும் வாரங்களில் குடும்பங்கள் நல்லெண்ணத்தோடு செய்யும் காரியங்களே சில நேரம் புண்படுத்துகின்றன. "நாய்தானே, வேற ஒண்ணு தருவாங்க" என்று ஊரிலிருந்து தொலைபேசியில் ஆறுதல் சொல்லும் உறவினர், அந்த நாய் இருந்த இடத்தை அறியாதவர். உறவினர் இறந்தால் விடுப்பும் விசாரிப்பும் சடங்கும் உண்டு. நாய் இறந்தால் மறுநாளே வேலைக்குப் போக வேண்டும். சமூகம் துக்கமாக ஏற்றுக்கொள்ளாத இத்தகைய துக்கத்தைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1980களின் இறுதியில் விரிவாக எழுதினார். வழிகாட்டி நாயின் மரணத்தில் இதற்கு மேலும் ஒன்று சேர்ந்துகொள்கிறது. நாயோடு நிற்கும் பார்வையற்றவரிடம் பேருந்து நிறுத்தத்தில் முன்பின் அறியாதவர்கள் தாமாக வந்து பேசுவார்கள், நாயின் பெயரைக் கேட்பார்கள்; அதே மனிதர் வெள்ளைக்கோலோடு நிற்கும்போது எல்லாரும் ஒதுங்கி வழிவிடுகிறார்கள், பேசுவதில்லை. நாய் போனதோடு தெருவில் தமக்கு இருந்த முகமும் போய்விட்டது என்று ஒரு பெண்மணி என்னிடம் சொன்னார். இதைக் குடும்பத்தார் விளங்கிக்கொண்டால், அவர் வெளியே வர மறுப்பதைச் சோம்பல் என்று எண்ணமாட்டார்கள்.

இனி வெள்ளைக்கோலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அடுத்த நாய் வர சில மாதங்களும் ஆகலாம், நிலையத்தையும் தேவையையும் பொறுத்து இரண்டு ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். அந்த இடைவெளியைக் கடக்கக் கோல்தான் துணை. நீண்ட கோலை இடமும் வலமுமாக வீசி நடக்கும் முறையை, இரண்டாம் உலகப் போரில் பார்வையிழந்த வீரர்களுக்காக, பென்சில்வேனியாவின் வேலி ஃபோர்ஜ் இராணுவ மருத்துவமனையில் ரிச்சர்ட் ஹூவர் 1940களில் உருவாக்கினார். நாயைப் பெறுவதற்கு முன் இந்தப் பயிற்சியைப் பெரும்பாலும் எல்லாரும் முடித்திருப்பார்கள். ஆனாலும் கோலும் நாயும் தரும் தகவல் வேறு வேறு. கோல் தடைகளைத் தொட்டுக் கண்டுபிடிக்கிறது; நாய் அவற்றைத் தொடவே விடாமல் விலக்கி அழைத்துச் செல்கிறது. விளைவாக, ஒரே தெருவில் ஒன்பது ஆண்டுகள் நடந்தவருக்கு அங்கே ஒரு குப்பைத்தொட்டியும் இரண்டு கம்பங்களும் தாழ்ந்த மரக்கிளை ஒன்றும் இருப்பதே தெரியாது. நாய் இறந்த மறுவாரம் கோலை எடுத்துக்கொண்டு தமக்கு நன்கு பழகியதாக நினைக்கும் தெருவில் இறங்கியவர், நெற்றியில் அடிபட்டுத் திரும்பி, தம் திறமையே போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார். திறமை எங்கும் போகவில்லை. அந்தத் தெருவைக் கோலால் கற்கும் வேலை நடக்கவே இல்லை, அவ்வளவுதான். மாநில அரசின் பார்வையற்றோர் சேவைத் துறை வழியாகத் தகுதியுள்ளோருக்கு நடமாட்டப் புத்தாக்கப் பயிற்சி கிடைக்கிறது. விண்ணப்பத்தை அனுப்பும் அதே வாரத்தில் அதையும் கேட்டுப் பெறுங்கள். கோலில் நம்பிக்கை திரும்பியவர்கள் அவசரப்பட்டு, பொருந்தாத நாய்க்கு ஒப்புக்கொள்வதில்லை என்பதும் என் அனுபவம்.

விண்ணப்பத்துக்கு வருகிறேன். துக்கம் ஆறாத நிலையில் எழுதப்படும் விண்ணப்பங்களில் இறந்த நாயே வருணிக்கப்பட்டிருக்கும்: அதே நிறம், அதே இனம், அதே குறும்பு. இந்த ஏக்கம் இன்று நேற்று தோன்றியதல்ல. நாஷ்வில் நகரைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர் மாரிஸ் ஃபிராங்க் 1928இல் சுவிட்சர்லாந்து சென்று, டோரத்தி ஹாரிசன் யூஸ்டிஸ் நடத்திவந்த மையத்தில் பயிற்சி பெற்று, பட்டி என்ற ஜெர்மன் ஷெப்பர்ட் இன நாயோடு அமெரிக்கா திரும்பினார். அவ்விருவரின் முயற்சியால் 1929இல் 'சீயிங் ஐ' என்னும் பயிற்சி நிலையம் தொடங்கி, பின்னர் எங்கள் நியூ ஜெர்சிக்கு வந்தது. 1938இல் பட்டி இறந்தது. அதன் பிறகு வந்த நாய்களுக்கும் ஃபிராங்க் பட்டி என்றே பெயர் வைத்தார். அவருடைய அன்பை நான் மதிக்கிறேன். இருந்தாலும், பழைய பெயரைச் சுமக்கும் நாயிடம் பழைய குணத்தையும் எதிர்பார்ப்பது மனித இயல்பு என்பதால், இன்று பெரும்பாலும் பயிற்சி நிலையங்களே குட்டிகளுக்குப் பெயரிடுவதை நல்ல ஏற்பாடு என்றே கருதுகிறேன்.

நாயைப் பொருத்துவதில் நிலையங்கள் பார்ப்பது நிறத்தை அல்ல. நடை வேகம், இழுவை, நாயின் உயரம், நீங்கள் நடக்கும் சூழல், வீட்டின் அமைதி ஆகியவற்றைத்தான். பயிற்றுநரே ஹார்னஸின் (நாயின் உடலில் பூட்டும், கைப்பிடியுள்ள வார்க்கட்டு) முன்பகுதியைப் பிடித்துக்கொண்டு நாயின் இடத்தில் நடக்க, விண்ணப்பதாரர் கைப்பிடியைப் பிடித்துப் பின்தொடரும் ஒரு சோதனை நடை உண்டு. அதை ஜூனோ நடை என்பார்கள். எவ்வளவு இழுவையை உங்கள் கையும் தோளும் தாங்கும், எந்த வேகத்தில் உங்களுக்கு மூச்சு வாங்கும் என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். முதல் நாயைப் பெற்றபோது எடுத்த அளவு இப்போது பொருந்தாது. கல்லூரி மாணவியாக இருந்தபோது நியூயார்க் சுரங்க ரயிலில் விரைந்தவர், இன்று இரண்டு குழந்தைகளோடு வீட்டிலிருந்தே வேலை செய்பவராக இருக்கலாம். அன்று அவருக்கு ஏற்ற துடிப்பான நாய் இன்று நாளெல்லாம் வேலையின்றி வீட்டில் அலைபாயும். நீரிழிவால் விழித்திரை கெட்டுப் பார்வையிழந்தவர்கள் நம்மவரிடையே நிறைய. அதே நீரிழிவு பத்து ஆண்டுகளில் பாத உணர்வையும் கைப்பிடி வலுவையும் குறைத்திருக்கக்கூடும். செவித்திறன் குறைந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். போக்குவரத்து விளக்கின் நிறத்தை நாய் பார்த்துச் சொல்வதில்லை. வாகன ஓசையைக் கேட்டு எப்போது கடப்பது என்று முடிவெடுப்பவர் மனிதர்தான், ஆபத்து வந்தால் கட்டளையை மீறி நிற்பது மட்டுமே நாயின் பொறுப்பு. ஓசை குறைந்த மின்சாரக் கார்கள் பெருகிவிட்ட இக்காலத்தில் இது உயிர் பற்றிய விஷயம். இப்படிப்பட்ட உண்மைகளைச் சொன்னால் விண்ணப்பத்தை நிராகரித்துவிடுவார்களோ என்று அஞ்சி மறைப்பவர்கள் உண்டு. சொன்னால்தான் அதற்கேற்ற பயிற்சி பெற்ற நாயைத் தேட முடியும்.

ஒரே நிறம் வேண்டும் என்றோ, அதே நிறம் வேண்டவே வேண்டாம் என்றோ மனம் அழுத்திச் சொன்னால், அதையும் மறைக்காமல் பேட்டியில் கூறுங்கள். முடிவெடுக்கும் காரணமாக அது இருக்கக் கூடாதே தவிர, அது தெரிந்தால் பயிற்றுநர் உங்களை வேறு விதமாக ஆயத்தப்படுத்துவார்.

முதல் நாயைத் தந்த நிலையத்துக்கே திரும்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சர்வதேச வழிகாட்டி நாய்க் கூட்டமைப்பின் அங்கீகாரம் உள்ளதா, நாயின் உரிமை யாருடையது, நோய்ச் செலவுக்கு உதவி உண்டா, வீட்டுக்கே வந்து பயிற்சி தருவார்களா என்று கேளுங்கள். உரிமை என்ற கேள்வி சிறியதாகத் தோன்றலாம். நாய் ஓய்வு பெறும்போது அது உங்களிடமே இருக்குமா என்பது அதைப் பொறுத்தது. ஒரு வழிகாட்டி நாயை உருவாக்கப் பல்லாயிரம் டாலர் செலவாகிறது, ஆயினும் பயனாளரிடம் பெரும்பாலான நிலையங்கள் எதுவும் கேட்பதில்லை. சீயிங் ஐ நிலையம் முதல் நாய்க்கு 150 டாலரும் அடுத்த நாய்களுக்கு 50 டாலரும் மட்டுமே பெறுகிறது. எனவே பெருந்தொகையை முன்பணமாகக் கேட்டு, வழிகாட்டி நாயை விரைவில் தருகிறோம் என்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். வலிப்பு, நீரிழிவு, மன உளைச்சல் போன்றவற்றுக்கான சேவை நாய்களைத் தேடுவோருக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம், ஏனெனில் அங்கே பணம் வாங்குவோரும் பலர், தரமும் பலவிதம். சேவை நாய்ப் பதிவுச் சான்றிதழ் என்று இணையத்தில் விற்கப்படும் அட்டைகளுக்கு அமெரிக்கச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை. அமெரிக்க மத்திய அரசு நடத்தும் பதிவேடு என்று ஒன்று கிடையவே கிடையாது.

புதிய நாய் வந்த பின் என்ன நடக்கும்? இரண்டாவது முறை வருவோருக்கு வகுப்பு நாட்கள் பொதுவாகக் குறைவு. ஆனால் இருவரும் ஒருவரை ஒருவர் நம்பி இயல்பாக நடக்க ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும், இதில் பழைய அனுபவம் எதையும் சுருக்கித் தருவதில்லை. சொல்லப்போனால் அனுபவமே முதலில் தடையாக நிற்கிறது. எட்டு வயது நாயின் நிதானத்தைக் கடைசியாக உணர்ந்த கை, இரண்டு வயது நாயின் துள்ளலைக் கீழ்ப்படியாமை என்று படிக்கிறது. பழைய நாயும் இரண்டு வயதில் இப்படித்தான் அணிலைக் கண்டு திரும்பியது என்பது நினைவில் இருப்பதில்லை. புதிய நாய் ஓரிடத்தில் நின்றுவிட்டால், அது தவறு செய்கிறது என்று முன்னே தள்ளாமல், காலால் துழாவிப் பாருங்கள். அங்கே ஒரு பள்ளம் இருக்கலாம். முதல் சில வாரங்களில் இந்த நாயின்மேல் எனக்கு அன்பே வரவில்லை என்று குற்ற உணர்வோடு சொல்பவர்கள் பலர். அன்பு தாமதமாக வரலாம். உணவு, கழிப்பிடம், சீவுதல், தினசரி நடை ஆகியவற்றை ஒழுங்காகச் செய்துவருவதே இக்கட்டத்தில் போதும். ஓய்வு பெற்ற முதல் நாயும் வீட்டில் இருந்தால், ஹார்னஸை எடுக்கும் ஓசை கேட்டதும் அதுவும் வாசலுக்கு வரும். புதிய நாயோடு கிளம்பும் வேளையில் யாரேனும் அதை வேறு அறையில் கவனித்துக்கொள்வது இரண்டுக்கும் நல்லது.

விதிகளையும் ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது; முதல் நாய் வந்த காலத்துக்குப் பின் அவற்றில் சில மாறியும் விட்டன. அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்கீழ் உணவகமோ கடையோ கேட்கக்கூடிய கேள்விகள் இரண்டுதான்: இந்த நாய் மாற்றுத்திறன் காரணமாகத் தேவைப்படுகிறதா, அது என்ன பணிக்குப் பயிற்சி பெற்றது. சான்றிதழ் கேட்க முடியாது. பிற வாடிக்கையாளரின் பயமோ ஒவ்வாமையோ மறுப்பதற்குக் காரணமாகாது. நம் தோசைக் கடைகளுக்கும் மளிகைக் கடைகளுக்கும் இது பொருந்தும் என்பதை உரிமையாளர்கள் அறிந்துகொள்ள வேண்டும். கோயில்களின் நிலை வேறு. மத அமைப்புகளுக்கு அச்சட்டம் விலக்கு அளிக்கிறது, ஆகவே கோயில் நிர்வாகம் நாயை உள்ளே விடாவிட்டால் அச்சட்டத்தைக் காட்டி வாதிட இயலாது. முன்கூட்டியே அலுவலகத்தில் பேசி, நாய் காத்திருக்க ஓர் அறையும் சன்னதிவரை கூட வர ஒரு தொண்டரும் கேட்டுப் பெறுவதே நடைமுறையில் உதவுகிறது.

விமானப் பயண விதிகள் 2021 ஜனவரியில் மாறின. ஆறுதலுக்காக வளர்க்கும் பிராணிகளைச் சேவைப் பிராணிகளாக ஏற்க வேண்டிய கடமை விமான நிறுவனங்களுக்கு இப்போது இல்லை. பயிற்சி பெற்ற நாய்க்கும் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் படிவத்தை நிரப்பித் தரும்படி அவை கேட்கலாம், எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும் பயணமானால் நாயின் இயற்கைக் கடன் குறித்து இன்னொரு படிவமும் கேட்கலாம். 2024 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்காவுக்குள் வரும் நாய்களுக்கான விதிகளும் கடுமையாகிவிட்டன. வெறிநாய்க்கடி நோய் ஆபத்து மிகுந்த நாடுகளின் பட்டியலில் இந்தியா இருப்பதால், சென்னைக்கு நாயோடு போய்த் திரும்ப நினைப்பவர்கள் மைக்ரோசிப், தடுப்பூசிச் சான்று, அவற்றுக்கான படிவங்கள் ஆகியவற்றை அமெரிக்காவிலிருந்து கிளம்பும் முன்பே கால்நடை மருத்துவரிடம் முடித்துக்கொள்ள வேண்டும், இந்தியாவுக்குள் கொண்டுசெல்ல அங்குள்ள விலங்குத் தனிமைப்படுத்தல் துறையின் அனுமதியையும் பெற வேண்டும். முதல் நாயோடு ஊருக்குப் போய்வந்தவர்கள், அப்போது பயன்படுத்திய காகிதங்களை வைத்துக்கொண்டு பயணச்சீட்டு எடுத்துவிட வேண்டாம். புதிய நாயோடு முதல் ஆண்டில் அவ்வளவு தூரம் போகாமல் இருப்பதே உசிதம். போயே ஆக வேண்டும் என்றால், நாயை அதற்குப் பழகிய குடும்பத்தாரிடமோ பயிற்சி நிலையம் பரிந்துரைப்பவரிடமோ விட்டுவிட்டு, கோலோடு போய்வாருங்கள்.