ஹைடாடிட் சிஸ்ட்: தமிழில் என்ன பெயர்?

பினாங்கில் ஸ்கேன் எடுத்துவிட்டு வருகிற நம்மவர்கள் “சிஸ்ட் இருக்காம்” என்பார்கள். மலாயில் அதுவே சிஸ்தா. வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லும்போது அது “கட்டி” ஆகிவிடும். கட்டி என்றதும் புற்றுநோய்தான் நினைவுக்கு வரும், வீடே கலங்கிப்போகும். ரிப்போர்ட்டில் ‘ஹைடாடிட் சிஸ்ட்’ என்றிருந்தால் இன்னும் சிரமம். மலேசியாவில் இது அரிய நோய். அந்தப் பெயர் நம் காதில் விழுந்ததே இல்லை.

‘ஹைடாடிட்’, ‘சிஸ்ட்’ இரண்டுமே கிரேக்க வேர் உள்ள சொற்கள். ‘கிஸ்டிஸ்’ என்றால் பை, சிறுநீர்ப்பைக்கும் அதே பெயர். ‘ஹைடாடிட்’ நீர்க்கொப்புளத்தைக் குறிக்கும்; ‘ஹைடோர்’ என்றால் நீர். நீரும் பையும் பெயரில் வந்துவிட்டன, நோயைக் கொண்டுவரும் புழுவைத்தான் காணோம்.

எக்கினோகாக்கஸ் என்ற அந்த நாடாப்புழு நாயின் குடலில் வாழ்கிறது. நீளம் சில மில்லிமீட்டர்தான். நாயின் மலத்தில் வெளியேறும் முட்டை, கழுவாத கீரை வழியாகவோ கை வழியாகவோ மனிதர் வயிற்றுக்குள் போகும். பெரும்பாலும் கல்லீரலில் தங்கும், அடுத்து நுரையீரலில். அங்கே என்றால் மருத்துவருக்குச் சந்தேகம் சீக்கிரம் வரும். மூளை, இதயம், சிறுநீரகம், தசை என்று எதிர்பாராத இடத்தில் வளர்ந்தால் சாதாரண நீர்க்கட்டியாகவோ புற்றாகவோ தோன்றலாம். ரத்தப் பரிசோதனையில்கூடத் தெரியாமல் போகலாம்.

அப்போது கைகொடுப்பது ஸ்கேன் படம்தான். பெரிய பைக்குள் குட்டிப் பைகள் தெரிந்தால் ஏறக்குறைய உறுதி. உள்சவ்வு கழன்று நீரில் மிதப்பதை ‘நீரல்லி அடையாளம்’ என்பார்கள். சுவரில் சுண்ணாம்பு படிந்திருந்தால் சிடி ஸ்கேன் தெளிவாகக் காட்டும். எலும்பில் மட்டும் கதை வேறு: உருண்டு வளர இடமில்லாமல், இடுக்குகளுக்குள் சிறு சிறு அறைகளாகப் பரவும். இந்தப் புழு நாய்க்கும் ஆட்டுக்கும் இடையே சுற்றி வருவதால், நோயாளி ஆடு வளர்க்கும் வெளிநாட்டு ஊரில் இருந்தவரா என்று கேட்டுவிட்டுப் படத்தைப் பார்ப்பது நல்லது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘நீர்க்கட்டி’ என்று மட்டும் சொன்னால் சினைப்பையில் வருவதைத்தான் நினைப்பார்கள். ‘ஒட்டுண்ணி நீர்க்கட்டி’ தவறில்லை, ஆனால் பன்றி நாடாப்புழுவால் மூளையிலும் தசையிலும் வரும் கட்டிகளும் அதில் அடங்கிவிடும். என் தேர்வு ‘நாய் நாடாப்புழு நீர்க்கட்டி’. நீளம்தான், இருக்கட்டும். வெறும் நீர்க்கட்டி என்று நினைத்து முன்னேற்பாடில்லாமல் ஊசி குத்தினால், உள்ளிருக்கும் நீர் கசிந்து உயிரைப் பறிக்கும் ஒவ்வாமை வரலாம். இளம்புழுக்கள் சிதறி வேறு இடங்களில் புதுக் கட்டிகளும் முளைக்கலாம்.