ஒல்லிக் கத்தியின் கணக்கு

ஒரு மடக்குக் கத்தியை ‘ஒல்லியானது’ என்று விற்பவரும் வாங்குபவரும் சொல்லும்போது, மூன்று வெவ்வேறு அளவுகள் அந்த ஒரே சொல்லுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. மடக்கிய நிலையில் கத்தி சட்டைப் பையில் எவ்வளவு புடைத்துக்கொண்டு நிற்கிறது என்பது முதலாவது. அலகின் முதுகு எத்தனை மில்லிமீட்டர் தடிப்பு என்பது இரண்டாவது. அலகைப் பக்கவாட்டில் பார்த்தால் முதுகிலிருந்து வெட்டும் விளிம்பான வாய்வரை எவ்வளவு அகலம் என்பது மூன்றாவது. பையை உறுத்துவது முதலாவது மட்டுமே. வெட்டும் திறனில் பெரும்பங்கு மற்ற இரண்டுக்கும் இடையிலுள்ள விகிதத்தைப் பொறுத்தது. அன்றாடம் வைத்துக்கொள்ள மெல்லிய கத்தி ஒன்றைத் தேடுபவர் பெரும்பாலும் ஏமாறுவது, இம்மூன்றும் ஒன்றாகவே வரும் என்று எண்ணுவதால்தான்.

கத்தி என்பது ஓர் ஆப்பு. அது ஒரு பொருளுக்குள் இறங்கும்போது இரண்டு வேலைகள் நடக்கின்றன. முதலில் வாய், கையின் விசை முழுவதையும் மிகக் குறுகிய கோட்டில் குவித்துப் பொருளைப் பிளக்கிறது. பிறகு அலகின் உடல், பிளந்த இரு பக்கங்களையும் விலக்கிக்கொண்டு உள்ளே செல்கிறது. நூலை அறுக்கும்போது இரண்டாவது வேலை ஏறத்தாழ இல்லை. ஆகவே வாய் கூராக இருந்தால் எந்தக் கத்தியும் போதும். தடித்த அட்டைப் பெட்டியையோ ஆப்பிளையோ வெட்டும்போதுதான் உடலின் வடிவம் தெரியவரும். வாய் எவ்வளவு கூராக இருந்தாலும் தடித்த அலகு பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். ஆப்பிள் வெட்டுப்படுவதற்குப் பதிலாக ‘படக்’கென்று விண்டு உடையும்.

இதைக் கணக்கிட்டே பார்க்கலாம். முதுகில் 2 மி.மீ. தடிப்பும் 20 மி.மீ. அகலமும் உள்ள அலகை, முதுகிலிருந்து வாய்வரை ஒரே சீரான சரிவாகத் தேய்த்திருந்தால், அந்த ஆப்பின் கோணம் 6 டிகிரிக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். கத்தி பார்வைக்கு ஒல்லியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அகலத்தை 12 மி.மீ. ஆகக் குறைத்து, உறுதி வேண்டும் என்பதற்காகத் தடிப்பை 3 மி.மீ. ஆகக் கூட்டினால், கோணம் 14 டிகிரியைத் தாண்டிவிடும். படத்தில் பார்க்க இரண்டாவது கத்தியே நளினமாக இருக்கும். ஆப்பிளுக்குள் இறங்குவது என்னவோ முதலாவதுதான். குறுகிய அலகு வேண்டுமென்றால் அதே விகிதத்தில் தடிப்பும் குறைய வேண்டும் என்பதை, விலை உயர்ந்த கத்திகளைச் செய்பவர்கள் சிலர்கூட மறந்துவிடுவது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும்.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890-இல் ஜோசப் ஓப்பினெல் செய்யத் தொடங்கிய கத்தி. இன்று பரவலாக அறியப்படும் அதன் 8-ஆம் எண் வகையில் அலகு 8.5 செ.மீ. நீளமும் 2 மி.மீ.-க்கும் குறைவான தடிப்பும் கொண்டது. பிடியோ உருண்டையான மரக்கட்டை; பையில் நிச்சயமாகப் புடைக்கும். ஆனால் ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் பழத்தையும் அது வெட்டும் அழகை, அதைவிடப் பல மடங்கு விலையுள்ள தட்டையான டைட்டானியக் கத்திகள் பலவற்றில் காண முடியாது. பிடி ஒல்லி, அலகு தடிப்பு என்பது ஒரு வகை; பிடி தடிப்பு, அலகு ஒல்லி என்பது இன்னொரு வகை. இரண்டும் ஒல்லியாக உள்ள கத்திதான் அரிது. காரணம் எளிது: தடிப்பைக் குறைக்கக் குறைக்க விறைப்பு மிக வேகமாகக் குறைகிறது. ஒரு தகட்டின் வளைவை எதிர்க்கும் ஆற்றல் அதன் தடிப்பின் மும்மடிக்கு ஏற்ப மாறும். தடிப்பைப் பாதியாக்கினால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். டப்பா மூடியை நெம்பவும் திருகாணியைத் திருப்பவும் கத்தியைப் பயன்படுத்துபவர்கள் மெல்லிய அலகை ஒருநாள் முறித்துவிடுவார்கள். வெட்டுவதற்கு மட்டும் பயன்படுத்துபவருக்கு அந்த விறைப்பு தேவையே இல்லை.

வாயின் கோணம் வேறு கணக்கு. அலகின் சரிவு வாய்வரை அப்படியே சென்று முடிவதில்லை. கடைசி ஒரு மில்லிமீட்டருக்குள் சாணை பிடித்து, பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரிவரை இன்னொரு சரிவு கொடுக்கப்படுகிறது. அந்தச் சரிவு தொடங்கும் இடத்தில் அலகு எவ்வளவு தடிப்பு என்பதே, வாங்குபவர் கவனிக்க வேண்டிய, ஆனால் விளம்பரங்களில் பெரும்பாலும் அச்சிடப்படாத அளவு. அங்கே கால் மில்லிமீட்டர் இருந்தால் கத்தி வெண்ணெயாய் இறங்கும். முக்கால் மில்லிமீட்டர் இருந்தால் எத்தனை முறை சாணை பிடித்தாலும் மழுங்கியது போலவே தோன்றும். கத்தியை நேராக அழுத்துவதைவிட இழுத்து அறுக்கும்போது தேவைப்படும் விசை குறைகிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். தக்காளியின் தோலில் கத்தியை வைத்து அழுத்தினால் தோல் உள்வாங்கும். சற்றே இழுத்தால் உடனே வழிவிடும். நீளம் குறைந்த பைக் கத்தியில் இழுப்பதற்கு இடம் குறைவு என்பதால், பெரிய சமையலறைக் கத்தியைவிட அதற்கு வாயின் கூர்மை அதிகம் தேவைப்படுகிறது.

இவ்வளவு மெல்லிய வாயைத் தாங்கி நிற்பது எஃகின் உள்ளமைப்பு. எஃகைச் சிவக்கக் காய்ச்சி விரைவாகக் குளிரவைக்கும்போது, கரிம அணுக்கள் வெளியேற நேரமில்லாமல் இரும்பின் படிகத்துக்குள் சிக்கிக்கொண்டு அதை இறுக்கிவிடுகின்றன. மார்ட்டென்சைட் எனப்படும் இந்த அமைப்புதான் கடினத்தன்மையைத் தருகிறது. நம் கொல்லர்கள் தோய்ச்சல் என்று சொல்வது இதைத்தான். அப்படியே விட்டால் கண்ணாடிபோல் நொறுங்கும் என்பதால், மறுபடி மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்துகிறார்கள். கிடைக்கும் கடினத்தன்மையை, வைரக் கூம்பு ஒன்றை 150 கிலோ எடையால் அழுத்தி, அது பதியும் ஆழத்தைக்கொண்டு ராக்வெல் சி அளவுகோலில் எண்ணாகச் சொல்வது வழக்கம். சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் கத்திகளின் அலகு ஏறத்தாழ 56. அது கொஞ்சம் சீக்கிரம் மழுங்கும். ஆனால் வாய் உடையாமல் மடங்கும், சாதாரணக் கல்லிலேயே ஐந்து நிமிடத்தில் மீண்டும் கூராகும். 60-ஐத் தாண்டிய எஃகுகள் கூர்மையை நெடுநாள் வைத்திருக்கும். முரட்டுத்தனமாகப் பயன்படுத்தினால் வாயில் பொடிப்பொடியாகச் சில்லுகள் தெறிக்கும்.

எண் மட்டும் போதாது. துருப்பிடிக்காத எஃகில் சேர்க்கப்படும் குரோமியத்தின் ஒரு பகுதி கரிமத்தோடு சேர்ந்து கார்பைடு என்னும் கடினமான மணிகளாக எஃகுக்குள் பரவிக் கிடக்கிறது. மணிகள் நுண்ணியவையாக இருந்தால் மெல்லிய வாய் நிலைக்கும். பெரியவையாக இருந்தால், சுவரில் ஒரு கல் பெயர்ந்து விழுவதுபோல, மணியோடு வாயும் பெயரும். 12சி27 என்னும் ஸ்வீடன் நாட்டுத் துருப்பிடிக்காத எஃகில் கரிமம் 0.6 சதவீதமும் குரோமியம் 13.5 சதவீதமும்தான், மணிகள் மிக நுண்ணியவை, மெல்லிய வாய்க்கு ஏற்றவை. அமெரிக்காவில் 2001-இல் வந்த எஸ்30வி எஃகில் கரிமம் 1.45 சதவீதம், கூடவே 4 சதவீதம் வனேடியம். வனேடியக் கார்பைடு, சாதாரணச் சாணைக்கல்லில் உள்ள அலுமினியம் ஆக்சைடைவிடவும் கடினமானது. ஆகவே அந்தக் கத்தியை வாங்குபவர் வைரத்தூள் பதித்த தகடு ஒன்றையும் சேர்த்து வாங்குவது நல்லது.

வாய் எப்படி மழுங்குகிறது என்பதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. மயிரைவிட எஃகு ஏறத்தாழ 50 மடங்கு கடினமானது. ஆனாலும் சவரக் கத்தி மயிரை வெட்டியே மழுங்குகிறது. 2020-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் ஜியான்லூக்கா ரோச்சியோலியும் ஜெம் தாசனும் மின்னணு நுண்ணோக்கியின் கீழேயே மயிரை வெட்டிப் பார்த்து, வாய் தேய்வதைவிட நுண்ணிய சில்லுகளாகத் தெறிப்பதே முக்கியக் காரணம் என்று காட்டினார்கள். மயிர் வளைந்து சாய்வாக மோதும் இடத்தில், எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாமலிருந்தால், அங்கே சில்லு தெறிக்கிறது. பைக் கத்தியின் வாய் சவர அலகைவிடத் தடித்தது என்றாலும், நுண்ணிய சீரான எஃகின் அருமை இதிலிருந்து விளங்கும்.

இனி பிடி. ஒரே அலகுள்ள இன்றைய கத்தியின் மொத்தத் தடிப்பை அடுக்கு அடுக்காகக் கூட்டிப் பார்க்கலாம். அலகு 2.5 மி.மீ., அதன் இருபுறமும் அச்சாணியைச் சுற்றியுள்ள வெண்கல வளையங்கள் சேர்ந்து 0.8 மி.மீ., பக்கத் தகடுகள் இரண்டும் தலா 3 மி.மீ. என்றால் மொத்தம் 9.3 மி.மீ. இதில் மூன்றில் இரண்டு பங்கு பக்கத் தகடுகளே. ஆகவே கத்தியை மெலிய வைக்க நினைப்பவர் முதலில் கை வைப்பது அங்கேதான். பல அலகுகள் கொண்ட கத்தியில், அலகை அழுத்தி அதன் நிலையில் நிறுத்தும் வில்தகடுகளும் இடம் பிடிக்கின்றன. சுவிஸ் கத்தியாளர் கார்ல் எல்செனர் 1897-இல் பதிவு செய்த, படை அதிகாரிகளுக்கான கத்தியின் சூட்சுமம் இதுதான்: ஒரே வில்தகட்டின் இரு பக்கங்களிலும் கருவிகளைப் பொருத்தியதால், ஆறு கருவிகளுக்கு இரண்டே வில்தகடுகள் போதுமாயின. இன்றும் அலுமினியப் பிடியுள்ள 84 மி.மீ. வகை அவ்வளவு மெலிதாக இருப்பதற்கு அந்தச் சிக்கனமே அடிப்படை.

அந்த வில்தகடு வேலை செய்யும் விதம் எளிமையானது. பிடியின் முதுகில் பொருத்திய அது, அலகின் அடிப்பகுதியில் உள்ள தட்டையான முகத்தை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கிறது. திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் தட்டை முகம் வில்தகட்டோடு ஒட்டிப் படிந்திருக்கும். இடையில் அடிப்பகுதியின் முனை வில்தகட்டை நெம்பித் தூக்க வேண்டியிருப்பதால், அலகு தானாக நகராமல் நிற்கும். இது பூட்டு அல்ல, தடைதான். வெட்டும்போது விசை அலகை மேலும் திறக்கும் திசையிலேயே தள்ளுவதால், பெரும்பாலான வேலைகளுக்கு இதுவே போதும். குத்தும்போதோ, சிக்கிக்கொண்ட அலகைப் பின்னுக்கு இழுக்கும்போதோதான் அது விரல்மேல் மடங்கும் ஆபத்து இருக்கிறது.

அதற்காகத்தான் பூட்டுகள். ஓப்பினெல் 1955-இல், அச்சாணி இருக்கும் இடத்தில் பிடியைச் சுற்றித் திரும்பும் எஃகு வளையம் ஒன்றைச் சேர்த்தது. மைக்கேல் வாக்கர் என்ற அமெரிக்கக் கத்தியாளர் 1980-களின் தொடக்கத்தில், பிடிக்குள் இருக்கும் மெல்லிய உலோகத் தகட்டில் ஒரு கீற்றைப் பிளந்து சற்றே உள்நோக்கி வளைத்து, அலகு திறந்ததும் அந்தக் கீற்று அதன் அடிப்பகுதிக்குப் பின்னால் வந்து முட்டுக் கொடுக்கும்படி செய்தார். கிரிஸ் ரீவ் என்ற இன்னொரு கத்தியாளர் அதே கருத்தை எடுத்து, பிடியின் டைட்டானியப் பக்கத்தகட்டையே கீற்றாக்கினார். உள்தகடு என்ற ஓர் அடுக்கே குறைந்தது. டைட்டானியத்தின் விறைப்பு எஃகில் ஏறத்தாழப் பாதி என்பதால், அது நிரந்தரமாக வளைந்துபோகாமல் நன்றாக நெகிழும். வில்லாக இருக்க அது நல்ல குணம். ஆனால் கடினமான எஃகு அலகோடு உராயும்போது அது ஒட்டிக்கொண்டு தேயும் என்பதால், முட்டும் முனையில் சிறிய எஃகுத் துண்டு வைப்பவர்களும் உண்டு.

ஒல்லிக் கத்தியின் பூட்டில் நெம்புகோல் விதி கணக்குத் தீர்க்கிறது. அச்சாணியிலிருந்து 60 மி.மீ. தொலைவில் அலகின் முதுகை 10 நியூட்டன் விசை அழுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். அச்சாணிக்கும் பூட்டு முட்டும் இடத்துக்கும் இடையே 9 மி.மீ. இருந்தால் பூட்டின்மேல் விழும் விசை ஏறத்தாழ 67 நியூட்டன். அகலம் குறைந்த பிடியில் அந்த இடைவெளி 6 மி.மீ. ஆகச் சுருங்கினால் 100 நியூட்டன். அச்சாணியின் துல்லியமும் இப்படியே பெரிதாகும்: 10 மி.மீ. வளையத்தில் ஒரு மி.மீ.-இல் ஐம்பதில் ஒரு பங்கு தளர்வு இருந்தால், 70 மி.மீ. தள்ளியுள்ள நுனியில் அது 0.14 மி.மீ. ஆட்டமாகத் தெரியும். சிறிய வளையத்தில் இன்னும் கூடும். மெல்லிய கத்தியை நன்றாகச் செய்வதற்குச் செலவு அதிகமாவது இதனால்தான். மலிவான மெல்லிய கத்தியில் பூட்டை நம்புவதைவிட, பூட்டே இல்லாத நல்ல வில்தகட்டுக் கத்தியை நம்புவது மேல் என்பது என் கட்சி.

பூட்டு வேண்டாம் என்பதற்குச் சட்டமும் ஒரு காரணம். பிரிட்டனில் வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டில்லாத மடக்குக் கத்தியைக் காரணம் சொல்லாமலே வைத்துக்கொள்ளலாம். ஜெர்மனியில் 2008 முதல், ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியைத் தக்க காரணமின்றிப் பொது இடத்தில் எடுத்துச் செல்லக் கூடாது. அமெரிக்காவில் 2013 மார்ச்சில், 6 செ.மீ.-க்குக் குறைந்த, பூட்டில்லாத சிறு கத்திகளை விமானத்துக்குள் அனுமதிக்கப்போவதாக அறிவித்து, எதிர்ப்புக்குப் பிறகு ஜூனில் கைவிட்டார்கள். இந்தியாவிலும் விமானத்தின் கைப்பையில் கத்திக்கு இடமில்லை. பதிவு செய்யும் பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

கடையில் கையில் எடுத்தால், முதலில் பிடியை வெட்டுவதுபோல் இறுக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். அதே விசை பாதி அகலமுள்ள பிடியின்வழி உள்ளங்கையில் விழும்போது அழுத்தம் இரு மடங்காகும். பத்து அட்டைப் பெட்டிகளை வெட்டி மடித்தால் கை சொல்லிவிடும். அடுத்து, மூடிய நிலையில் அலகு இரு தகடுகளுக்கும் நடுவே நிற்கிறதா, திறந்த நிலையில் நுனியைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாகக் கத்தியை வெளிச்சத்துக்கு நேராக, நுனி நம்மைப் பார்க்கும்படி பிடித்தால், முதுகிலிருந்து வாய்வரை ஆப்பு எப்படி மெலிகிறது என்பது கண்ணுக்கே தெரியும். கடைக்காரர் சற்று விநோதமாகப் பார்ப்பார், பொருட்படுத்த வேண்டாம்.