விட்னி பாட்டுக்காகத் தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்

மறுபடியும் அதே பாட்டு, அதே தொண்டைக்கட்டு. பாட்டுப் போட்டிக்காக, அமெரிக்கப் பாடகி விட்னி ஹூஸ்டன் பாடிய ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’வின் கடைசிப் பகுதியை நாள் முழுக்கக் கத்திவிட்டு, குரலே எழும்பாமல் பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள். குரல் பயிற்சி தருகிற எனக்கு இதைப் பார்க்கப் பார்க்க மனசு பொறுக்கவில்லை.

கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: “டாலி பார்ட்டன் சாதுவாகப் பாடியதை விட்னி ஹூஸ்டன் ஓங்கிப் பாடினார், அதனால்தான் ஜெயித்தது.” இல்லவே இல்லை! இந்தப் பாட்டை எழுதி முதலில் பாடியவர் டாலிதான். 1974-இல் வெளியான அவருடைய பதிவை ஒருமுறையாவது கேட்டீர்களா? அது காதலனுக்கு எழுதிய பாட்டே இல்லை. போர்ட்டர் வாகனர் என்ற பாடகரோடு பல வருஷம் சேர்ந்து பாடிய டாலி, தனிவழி போக முடிவெடுத்தபோது அவரிடம் விடைபெற எழுதியது. மூன்றாவது சரணத்தை டாலி பாடவில்லை, பேசுகிறார்.

1992-இல் விட்னி அதைக் காதலர் பிரிவாக்கினார். எப்படி? ஆரம்பத்தில் அரை நிமிஷத்துக்கும் மேல் வாத்தியமே கிடையாது. தாளம் பிடித்துத் தள்ளாததால் ஒவ்வொரு சொல்லையும் தன் இஷ்டத்துக்கு இழுக்கிறார், நிறுத்துகிறார், மூச்சு வாங்குகிறார். போவதா இருப்பதா என்று தயங்குகிற பெண் நம் கண்முன் வந்துவிடுகிறாள். முதல் தடவை பல்லவி வரும்போதுகூடக் குரலை அடக்கித்தான் வைத்திருக்கிறார். கடைசியில் எல்லாம் அடங்கி ஒரு நிசப்தம், டிரம்மில் ஓர் அடி, அப்புறம்தான் சுருதி மேலே ஏறுகிறது. அதுவரை சேர்த்துவைத்ததை அங்கே செலவழிக்கிறார். நீங்கள் சேர்க்காமலே செலவழிக்கப் பார்க்கிறீர்கள். அதனால்தான் கூச்சலாகிறது.

சரி, செய்ய வேண்டியது என்ன? சுருதியை உங்கள் குரலுக்கு இறக்குங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. உச்ச இடத்தைத் திரும்பத் திரும்பப் பாடாதீர்கள். மற்ற நேரம் வாயை மூடி மெல்ல முனகிப் பழகினால் போதும். வலித்தால் அந்த நிமிஷமே நிறுத்துங்கள். தொண்டை கட்டியபின் கிசுகிசுப்பாகப் பேசுவது ஓய்வு ஆகாது, பேசாமல் இருப்பதுதான் ஓய்வு. கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் என்னிடம் வராதீர்கள், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். குரல் நாண்களை அவர்தான் கருவி வைத்துப் பார்க்க முடியும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். நாளைக்கே போட்டி என்றாலும், குரல் கட்டிய பிள்ளையைப் பாட வைக்காதீர்கள். அந்த ஒரு நாள் டாலியின் பதிவைப் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். குரல் திரும்பியதும் அந்தப் பேச்சுச் சரணத்தை முதலில் பேசிப் பழகட்டும். எங்கே ஏற வேண்டும் என்பதை அப்புறம் உட்கார்ந்து முடிவு செய்யலாம்.