பிரான்சிலிருந்து வந்த கேசட் கறுப்பு வெள்ளையில் ஓடுகிறதா?

"கலர் போயிடுச்சுங்க, வர்ற வரைக்கும் மாத்திக் குடுங்க." புதுச்சேரியில் பழைய வீடியோ கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றித் தரும் என்னிடம் பலரும் இப்படித்தான் சொல்கிறார்கள். பிரான்சில் உறவுள்ள வீடுகளில், குறிப்பாகச் சொல்தாக் குடும்பங்களில் (பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களின் வீடுகளில்), இந்தக் குறை அதிகம். பெரும்பாலும் கலர் அந்த டேப்பிலேயேதான் இருக்கிறது. கேசட்டை ஓட்டும் நம் டெக்குக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

டிவி நிலையம் அனுப்பும் சிக்னலை, வீடுகளில் இருந்த விஎச்எஸ் வகை வீடியோ டெக் அப்படியே டேப்பில் ஏற்றாது. ஆன்டெனா வயர் முதலில் டெக்குக்குள் போகும். உள்ளே தனி ட்யூனர் உண்டு; ஒரு சேனலைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதிய முடிந்தது அதனால்தான். அடுத்து டெக் படத்தின் வெளிச்சத்தையும் வண்ணத்தையும் பிரிக்கும். வெளிச்சம் எஃப்எம் அலையாக 3.8 முதல் 4.8 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போகும். வண்ணம்தான் சிக்கல். நம் நாட்டில் அன்றிருந்த 'பால்' (PAL) என்ற கலர் ஒளிபரப்பு முறையில் அது 4.43 மெகாஹெர்ட்ஸில் வந்தது. டேப் ஓட்டத்தில் துளி நடுக்கம் வந்தாலும் அந்த உயரத்தில் நிறம் கெட்டுவிடும். ஆகவே அதை 627 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கிப் பதிந்து, ஓட்டும்போது மறுபடி உயர்த்துவார்கள்.

பிரான்சின் ஒளிபரப்பு அன்று 'செகாம்' (SECAM) என்ற வேறொரு கலர் முறையில் இருந்தது. அங்கத்திய டெக், வண்ண அலையை நான்கால் வகுத்து, சுமார் 1.1 மெகாஹெர்ட்ஸில் பதியும். இரண்டு நாட்டிலும் 625 வரி, வினாடிக்கு 25 படம் என்பதால் வெளிச்சப் பகுதி இங்கே ஒழுங்காக ஓடுகிறது. வண்ணத்தைத் தேடும் சர்க்யூட் தனக்குரிய அடையாளம் கிடைக்காமல் கலரை அடைத்துவிடுகிறது. திரையில் கறுப்பு வெள்ளை.

கறுப்பு வெள்ளையாகவே பென்டிரைவில் வாங்கிக்கொண்டு கேசட்டைக் குப்பையில் போட்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன். மனசு ஆறவில்லை. தயவுசெய்து போடாதீர்கள். கேசட்டைக் கொடுக்கும்போதே எந்த நாட்டில் பதிந்தது என்று சொல்லுங்கள். பிரெஞ்சு செகாம் ஓட்டும் டெக் இருக்கிறதா என்று கேளுங்கள். வளைகுடாவிலிருந்து வந்த மல்டி சிஸ்டம் டெக்கில் 'மெசெகாம்' (MESECAM) என்று மட்டும் போட்டிருந்தால் அது உதவாது. அது வண்ணத்தைக் கையாளும் விதமே வேறு.

இன்னொன்று. கேசட்டின் கண்ணாடி வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். கடலோர ஈரத்தில் டேப் சுருளின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தால், எந்த டெக்கிலும் போட்டுப் பார்க்க வேண்டாம். டேப்பைப் படிக்கும் ஹெட்டும் அடைபடும், டேப்பும் கிழியலாம். முதலில் சுத்தம் செய்யக் கொடுங்கள்.